குழப்பம் உண்டு

சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: புராஜெக்ட் மேனேஜர் பிரஜித் சார், எச்.ஆர். ஷைனி மேடம், சுவர்த்திரையில் வெளிநாட்டிலிருந்து க்ளையன்ட் தரப்பு ஆள் ஒருவர், பிறகு நான். இல்லாதவர் ஒருவர்தான். சான்றிதழில் யாருடைய பெயர் வர வேண்டுமோ அவர். அந்த நேரத்தில் அவர் கீழே கேட்டில், கைப்பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தார். காலையில் அவருடைய கார்டுக்குக் கதவு திறக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே அதை நிறுத்திவிட்டார்கள். அவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் செக்யூரிட்டி சேட்டன்தான், அவர் முகத்தைப் பார்க்காமல், விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் அந்தக் கம்பெனியில் இப்போதும் பேசிக்கொள்கிறார்களாம், எல்லாம் அந்தப் பெண்ணால் வந்த நஷ்டம் என்று. அதனால்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. போடலாமா என்று அவரிடம் கேட்கவில்லை, கேட்காமல் போட்டால் அதையும் ஒரு தப்பாகக் கணக்கில் வைப்பார்.

ஐம்பது வயது இருக்கும். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வருவார். காண்ட்ராக்ட் வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். ஆபீஸில் அவரைச் சேச்சி என்பார்கள். நான் தமிழ் என்பதால் அக்கா என்றேன். அவர் என்னை மக்கா என்பார், கோபம் வந்தால் தம்பி.

திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரு நாளில் அதிகம் காதில் விழும் வார்த்தை ‘குழப்பமில்ல’. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் சொல்லலாம், சாயாவில் சர்க்கரை கூடிவிட்டாலும் சொல்லலாம், பாலம் விரிசல் விட்டாலும் சொல்லலாம். பரவாயில்லை, பிரச்சினையில்லை, விடு, எல்லாம் அதற்குள் அடக்கம். அக்காவுக்கு மட்டும் அந்த வார்த்தை ஆகாது. யாராவது குழப்பமில்ல என்றால் அவர் நிமிர்ந்து, “குழப்பம் உண்டு” என்பார். குரலை உயர்த்தாமல், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலச் சொல்வார். அதனாலேயே முதுகுக்குப் பின்னால் அவருக்குக் ‘குழப்பம் சேச்சி’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

ஒரு தடவை வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து செய்து கொண்டுவந்தார். எங்கள் பிரிவில், துடைக்கிற வேலைக்கு வரும் பெண்மணியையும் சேர்த்து, பதினெட்டுப் பேர். டப்பாவைத் தண்ணீர் வைக்கும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மதியத்துக்குமேல் அந்தப் பெண்மணி வெறும் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதை அக்கா கவனித்திருக்கிறார். நடு ஹாலில் வந்து நின்று, “பதினெட்டு வச்சேன். நாம பதினெட்டு பேரு. ஒருத்தருக்கு இல்ல. ஆரு ரெண்டு எடுத்தது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, காத்து நின்றார். கடைசியில் பிரஜித் சார் கையைத் தூக்கினார். நல்லாயிருந்தது, அதனால் எடுத்தேன் என்று மலையாளத்தில் சொன்னார். “நல்லா இருந்ததுன்னு சொல்லுங்க, நாளைக்கு இன்னும் கொண்டுவாறேன். எண்ணிக்கையைக் குறைக்காதிய” என்றார் அக்கா. மறுநாள் அந்தப் பெண்மணிக்குத் தனியாக நான்கு வந்தது. பிரஜித் சாருக்கும் நான்கு வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

ரயிலில் நடந்த கதையை அவரே சொன்னார். சீசன் டிக்கெட் முந்தின நாளோடு முடிந்திருக்கிறது, இவர் கவனிக்கவில்லை. பல வாரமாக வராத டி.டி.ஆர். அன்று பெட்டியில் ஏறினார். பழகிய முகங்கள் என்பதால் தூரத்திலிருந்தே தலையசைத்துவிட்டுப் போனார். இவர் எழுந்துபோய், “சார், இது நேத்தோட முடிஞ்சுபோச்சு” என்று நீட்டியிருக்கிறார். அவர் பரவாயில்லைம்மா, இன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். இவர் விடாமல் அபராதம் கட்டினார். கட்டியதும் அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்து பெட்டி முழுவதையும் சோதித்தார். இரண்டு பேர் மாட்டினார்கள். இரண்டு பேரும் அக்காவோடு பத்து வருடமாகச் சேர்ந்து வருகிறவர்கள். ஒரு மாதம் இவரோடு பேசவில்லை. இதைச் சொல்லிவிட்டு, “அவியளுக்குக் கோவம் வரத்தான் செய்யும். வரட்டும்” என்றார். பக்கத்தில் இருக்க எனக்குப் பயமாக இருந்த ஆள்தான் அவர். அதை மறைக்க முடியாது.

இனி அந்த வேலை. லிஸ்ப் என்று ஒரு பழைய நிரல்மொழி. அந்த ஒரு மொழியை ஓட்டுவதற்கென்றே ஒரு காலத்தில் தனிக் கம்ப்யூட்டர்கள் செய்தார்கள், லிஸ்ப் மெஷின் என்று பெயர். அலமாரி அளவு இருக்குமாம், நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். செய்த கம்பெனிகள் மூடிவிட்டன, மெஷின்களும் செத்துவிட்டன. ஆனால் அவற்றுக்கென்று எழுதிய சில புரோகிராம்கள் இன்னும் தேவைப்படுகின்றன. எங்கள் க்ளையன்ட் ஒரு கண்ணாடி ஆலை. மணல் எவ்வளவு, சோடா எவ்வளவு, சுண்ணாம்புக்கல் எவ்வளவு என்று உலைக்கு அளவு சொல்லும் புரோகிராம் அப்படிப்பட்டது. எழுதியவர் இறந்துவிட்டார். அதைத் தொட அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. ஆகவே செத்துப்போன மெஷினைப் போலவே நடிக்கும் ஒரு எமுலேட்டரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த எமுலேட்டரைப் புதிய வகைச் சிப்புக்கு மாற்றித் தர வேண்டும். புதிய சிப் உள்ள சர்வருக்கு வாடகையும் மின்சாரமும் குறைவு. அவ்வளவுதான் காரணம்.

எமுலேட்டரின் அடிவயிறு அக்காவின் கையில் இருந்தது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் சிப்பின் சொந்த மொழியில் எழுத வேண்டிய இடம். அவருக்கு அந்தப் பழைய மெஷின்மேல் ஒரு தனிப் பிரியம் இருந்தது. அதில் ஒவ்வொரு எண்ணும் தான் எண் என்பதையும், ஒவ்வொரு பெயரும் தான் பெயர் என்பதையும் நெற்றியில் எழுதிக்கொண்டேதான் உள்ளே இருக்கும். ஒரு பெயரோடு ஒன்றைக் கூட்டு என்றால் கூட்டாது, இது எண் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். “இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது, கேட்டியா” என்பார்.

எனக்கு வந்தது சோதனை அறிக்கை. சுமார் இரண்டாயிரம் சோதனைகள். ஒவ்வொன்றையும் ஓட்டி, முடிவைச் சுவர்த்திரையில் பச்சை, சிவப்பு என்று காட்டும் சின்ன ஸ்கிரிப்டை நான் எழுதினேன். நான் மலைமேல் இருக்கும் போனக்காடு என்ற ஊர்க்காரன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. எங்கள் வீட்டில் வித்துராவுக்கு பஸ் ஏறிப்போய்ப் பள்ளிக்கூடம் படித்த முதல் ஆள் நான். முதல் வேலை, முதல் புராஜெக்ட், என் ஸ்கிரிப்டின் நிறம் சுவரில். அந்தப் பெருமையில் யோசிக்காமல் ஒன்று செய்தேன். பிழைச் செய்தி வந்தால் சிவப்பு, வராவிட்டால் பச்சை என்று எழுதினேன்.

பழைய சிப்பில் அதை ஓட்டியபோது நாற்பத்தொரு சோதனைகள் சிவப்பாக வந்தன. ரொம்ப நாளாக இருக்கும் கோளாறு என்று நினைத்துவிட்டேன். புதிய சிப்பில் ஓட்டியபோது எல்லாமே பச்சை. சுவர் முழுக்க வயல் மாதிரி இருந்தது. பிரஜித் சார் என் தோளில் தட்டினார். பழையதில் இருந்த நாற்பத்தொரு பிழைகூடப் புதியதில் சரியாகிவிட்டது என்று சொல்லி, அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து க்ளையன்டுக்கு அனுப்பினார். எல்லோருக்கும் சாயாவும், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் வந்தது. சிப்புக்கே அறிவு கூடிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடத்துக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தபோது பழம்பொரி ஆறிப்போய் அப்படியே கையில் இருந்தது.

“இந்த நாப்பத்தொண்ணும் சிவப்பா இருக்கவேண்டியது” என்றார்.

அவர் சொன்னது இதுதான். அந்த நாற்பத்தொரு சோதனைகளும் எண்களைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லிப் பார்ப்பவை. பிழை வந்தால்தான் அவை சரி. பழைய சிப்பில் பூஜ்யத்தால் வகுத்தால் சிப்பே கத்தும், வேலையை நிறுத்திவிடும். எமுலேட்டர் அந்தச் சத்தத்தைப் பிடித்து ஆலையின் திரையில் சிவப்பாகக் காட்டும். புதிய சிப் கத்தாது. பூஜ்யம் என்றே ஒரு விடையைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சிப் செய்தவர்கள் இதைக் கையேட்டில் ஒரு வரியாக எழுதியே வைத்திருக்கிறார்கள், வகுப்பதற்கு முன்னால் பூஜ்யமா என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அக்கா பழைய முறையிலேயே எழுதிவிட்டார், முன்னால் பார்க்கும் வரியைச் சேர்க்கவில்லை.

“தப்பு என்னுதுதான் சார்,” என்றார் பதினெட்டுப் பேருக்கு முன்னால். “வகுக்க எல்லா இடத்துலயும் ஒரு வரி சேக்கணும். தம்பிக்க ஸ்கிரிப்டும் தப்பு. அது கத்தாததை எல்லாம் நல்லதுன்னு எழுதுது.”

எனக்கு முகம் சுட்டது. தம்பி என்று சொன்னது இன்னும் சுட்டது. அப்போது அவர்மேல் வந்த கோபம் பொய் இல்லை.

பிரஜித் சார் சிரித்துக்கொண்டே, “சேச்சீ, குழப்பமில்ல. க்ளையன்ட் ஹாப்பியாணு” என்றார்.

“குழப்பம் உண்டு, சார்.”

தப்பு செய்தவரே வந்து தப்பு என்று சொல்கிறார், திருத்த ஒரு வரி போதும் என்கிறார். எந்த ஊரில் இதை வேண்டாம் என்பார்கள்? எங்கள் ஆபீஸில் வேண்டாம் என்றார்கள். புரோகிராமை இனி மாற்றக்கூடாது என்று பூட்டியாகிவிட்டது, திறந்தால் இரண்டாயிரம் சோதனைகளையும் சான்றிதழுக்காக முதலிலிருந்து ஓட்டி எழுத வேண்டும், மூன்று வாரம் ஆகும், காலாண்டு தாண்டிவிடும். அதைவிடப் பெரிய காரணம், பச்சைச் சுவரின் போட்டோ ஏற்கெனவே போய்விட்டது. அக்கா முறைப்படி மாற்றக் கோரிக்கை போட்டார். ‘பொருந்தாது’ என்று ஒரே வார்த்தையில் மூடினார்கள். மறுபடி போட்டார். மறுபடி மூடினார்கள். க்ளையன்டுக்கு நேராக எழுத காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே பிரஜித் சாருக்கு ஒரு மெயில் எழுதினார், எனக்கு நகல் போட்டார். பூஜ்யம் எங்கே வரலாம், வந்தால் ஆலையின் திரையில் என்ன தெரியாமல் போகும் என்று வரிசையாக எழுதியிருந்தார். எடைக்கருவி பழுதானால் என்பது அதில் இரண்டாவது வரி. பதில் வரவில்லை.

பிறகு, எல்லாம் சோதித்தாயிற்று, சரியாக இருக்கிறது என்ற சான்றிதழ் வந்தது. எழுதியவர் ஒரு கையெழுத்து, சோதித்தவர் ஒரு கையெழுத்து. அக்கா போட மாட்டேன் என்றார். வெறும் சடங்குதானே சேச்சி என்று ஷைனி மேடம் இரண்டு நாள் கெஞ்சினார். “கையெழுத்துன்னா நான் பாத்தேன்னு அர்த்தம். நான் பாத்தது வேற” என்பதோடு முடித்துக்கொண்டார். மூன்றாம் நாள்தான் அந்தக் கார்டு விஷயம்.

எனக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரம் ஆவதாக இருந்தது. அப்பா அதைத் தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பிரஜித் சார் பேனாவை நீட்டி, சேச்சியின் இடத்திலும் நீயே போடு, நீயும் அந்த டீம்தானே என்றார். திரையில் இருந்த வெளிநாட்டுக்காரர் எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு இடத்திலும் போட்டேன்.

கீழே ஓடிப்போனேன். அக்கா இன்னும் அங்கேதான் இருந்தார். மேலே அவருடைய சாப்பாட்டுப் பாத்திரமும் குடையும் இருந்தன, அதற்காகக் காத்திருந்தார். நான் எதையும் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“போட்டியா?”

“போட்டேன் அக்கா.”

“எனக்க மெயிலை வாசிச்சிட்டா போட்ட?”

“வாசிச்சேன்.”

“அப்பம் அது உனக்க தப்பு. வகுத்தல் எனக்க தப்பு. ரெண்டையும் ஒண்ணாக் கூட்டாத” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாத்திரத்தையும் குடையையும் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ஏழு மாதம் எதுவும் நடக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. அந்த ஏழு மாதமும் நான் சுவரைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அந்தப் பக்கம் முதுகு இருக்கும்படி இடம் மாற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் கண்ணாடி ஆலையில் சோடாவை நிறுக்கும் எடைக்கருவி பழுதாகி, பூஜ்யம் என்று எடை அனுப்பியது. முன்பானால் திரை சிவந்து எல்லாம் நின்றிருக்கும், ஒரு ஆள் போய்க் கருவியைப் பார்த்திருப்பான். இந்தத் தடவை புரோகிராம் பூஜ்யத்தால் வகுத்தது, பூஜ்யம் என்று விடை வாங்கியது, சோடா வேண்டாம் என்று உலைக்குச் சொன்னது. திரை பச்சையாகவே இருந்தது. சோடா இல்லாமல் அந்தச் சூட்டில் மணல் உருகாது. உலைக்குள் போனது உருகாத கட்டிகளாக நின்றது. கண்ணாடி உலையை நினைத்தபோது அணைக்கவும் முடியாது, அணைத்தால் உள்ளே இருப்பது இறுகி உலையே போய்விடும். ஒன்பது நாள் போராடி உலையைக் காப்பாற்றினார்கள். அத்தனை கண்ணாடியும் குப்பை.

பிரஜித் சார் என் மேஜைக்கு வந்து அக்காவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டபோது கொஞ்சம்கூடக் கூசவில்லை. அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நான் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “ஆருக்காவது அடி பட்டுச்சா?” என்றார். இல்லை என்றேன். “நாளைக்கு வாறேன்” என்று வைத்துவிட்டார்.

விசிட்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். தன் பழைய நாற்காலி வேறொருவரிடம் இருப்பதைப் பார்த்து, மீட்டிங் அறையில் உட்கார்ந்தார். வகுக்கிற இடம் ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். என் ஸ்கிரிப்டை நானே மாற்றினேன், பிழை வரவேண்டிய இடத்தில் வந்தால்தான் பச்சை. மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. எல்லாச் சோதனைகளையும் ஓட்டி எழுத மூன்று வாரம் என்றார்களே, ஆலை நின்றுகிடந்தபோது அது ஓர் இரவில் முடிந்தது.

மதியம் க்ளையன்டோடு பேச்சு. ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. யாரும் எதிர்பாராத கோளாறு என்றால் நஷ்டத்தில் பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. முன்னமே தெரிந்து மறைத்தது என்றால் முழுவதும் எங்களுக்கு. பிரஜித் சார் தயாரித்த அறிக்கையின் முதல் வரி, ‘புதிய சிப்பின் எதிர்பாராத நடத்தை’. சார் அதை நிதானமாக வாசித்தார். வேறு யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று திரையில் இருந்தவர் கேட்டார், வழக்கமாகக் கேட்பதுதான்.

அக்கா என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியே, “எதிர்பாராததுன்னு வாசிக்காரு. நான் எதிர்பாத்தேன்லா” என்றார். பிறகு திரையைப் பார்த்து அதையே ஆங்கிலத்தில் சொன்னார். முதல் தப்பு தன்னுடையது என்றார். கண்டுபிடித்து, இரண்டு கோரிக்கையும் ஒரு மெயிலும் எழுதியதாகச் சொன்னார்.

மெயிலைப் பார்க்க முடியுமா என்று திரையில் இருந்தவர் கேட்டார்.

“எனக்க மெயிலை கார்டோட சேத்து நிறுத்திட்டாவ. இவனுக்கு நகல் போட்டிருக்கேன்.”

ஷைனி மேடம் மடிக்கணினிக்குள் குனிந்துகொண்டார். பிரஜித் சார் என்னைப் பார்த்து, “அது நமுக்கு பின்னே நோக்காம்” என்றார், அப்புறம் பார்க்கலாமாம். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தால் அவருக்காகச் செய்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதியையும் தரவில்லை. நான் என் திரையைத் திறந்து மெயிலைக் காட்டினேன். நான் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். ஆங்கிலம் திக்கியது, ஆனாலும் சொல்லி முடித்தேன்.

பேச்சு முடிந்ததும் நடைவழியில் பிரஜித் சார் அக்காவை மறித்து, “ஒண்ணு மிண்டாதிருந்நா மதியாயிருந்நல்லோ சேச்சீ” என்றார். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதுமாயிருந்ததே என்று.

“மிண்டாத சிப்பை வச்சுத்தான சார் இவ்வளவும்” என்றார் அக்கா.

அவர் பில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது. பழைய தினக்கூலி நாலாயிரத்து ஐந்நூறு, ஒன்றரை நாளுக்கு ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது. ரயில் டிக்கெட் நான்கு, நூற்று நாற்பது. அவ்வளவுதான். இவர்கள் உங்களைத் தெருவில் நிறுத்தினார்களே, இன்றைக்கு எத்தனை லட்சம் கேட்டாலும் தருவார்களே, கேளுங்கள் அக்கா என்று கிட்டத்தட்ட சண்டை போட்டேன்.

“ஒண்ணரை நாள்தான மக்கா வேலை பாத்தேன். கூட எழுதினா அதும் பொய்க்கணக்குல்லா” என்று சொல்லிவிட்டு, நான்கு டிக்கெட்டையும் பில்லோடு சேர்த்துக் குத்தினார்.

என்னை அந்த மாதக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன்னால் கணக்குப் பிரிவில் இருந்த நண்பன் காட்டினான். ஆலைக்குக் கட்டிய முழு நஷ்ட ஈடும் அக்காவின் பில்லும் ‘நஷ்டம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் ஏறியிருந்தன. கூட்டுத்தொகை இரண்டு கோடியே எண்பது லட்சத்து ஆறாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய்.